ஏத்திப்போடலாமுங்க

எப்பேர்ப்பட்ட கிறுக்குத்தனத்தைக் கொண்டுபோய்க் கேட்டாலும் அவர் முடியாது என்று சொல்லமாட்டார். கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைப்பார், கரித்துணியில் விரல் விரலாகத் துடைப்பார், வாயெல்லாம் பல்லாக, "பேஷா ஏத்திப்போடலாமுங்க" என்பார். கேட்டவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் கேட்டது கேட்டபடி கிடைத்ததாக உக்கடத்தில் ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜீப்பை உயர்த்துவதுதான் அவருடைய தொழில். ஜீப்புக்கு அடியில் வில்லாக வளைந்து, அடுக்கடுக்காக இரும்புப் பட்டைகள் இருக்கும். கமான் பட்டை என்பார்கள். அதில் ஒரு பட்டையைக் கூட்டுவது, அதன் நுனியைத் தாங்கும் இணைப்பை நீளமாக்குவது, அதற்குத் தோதாக டயரைப் பெரிதாக்குவது, இப்படி ஏதாவது செய்து வண்டியை இரண்டு அங்குலமோ நாலு அங்குலமோ தூக்கி நிறுத்துவார். தொண்ணூறுகளின் முதல் பாதி அது. கொஞ்சம் தோட்டமும் கொஞ்சம் மீசையும் வைத்திருந்த ஆம்பளைகளுக்கெல்லாம் என்ன காத்துக் கருப்பு அடித்ததோ, ஒருத்தருக்கும் இருக்கிற உயரம் பத்தவில்லை. ஜீப்பை ஓட்டிக்கொண்டு உக்கடத்துக்கு வந்துவிடுவார்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் பாய் என்றார்கள், நானும் பாய் என்றேன். கடைப் பலகையிலும் 'இங்கு ஜீப் கமான் வேலை செய்யப்படும்' என்று மட்டும்தான் இருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம் என்று சொல்லலாம். கைலியை மடித்துக்கட்டி, மேலே எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. நாளெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்துப் புரள்கிற மனுஷன் சட்டையில் கறைபடாமல் எழுந்து வருவதை நான் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் சோறு தின்றாலே சட்டையில் பாதி இருக்கும்.

பாய் பட்டறையின் பெரிய சொத்து மரக்கட்டைகள். இரண்டு அங்குலம், நாலு அங்குலம், ஆறு அங்குலம் என்று அறுத்து, சுவரோரம் அடுக்கி வைத்திருப்பார். ஆறு அங்குலம் வேண்டும் என்று யாராவது கேட்டால், "பேஷா"வைச் சொல்லிவிட்டு, ஜாக்கி போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் ஆறு அங்குலக் கட்டையைச் செருகிவிடுவார். "வேலை முடிஞ்சா வண்டி இத்தன ஒசரந்தானுங்க நிக்கும். ஏறிப் பாருங்க" என்பார். ஒரு தடவை ஏறினால் விடமாட்டார். பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். "டெய்லி ஏறோணுமில்லீங்க, இன்னைக்கே பழகிக்கறது நல்லதுங்க."

வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருத்தரை அந்தக் கட்டைமேல் நின்ற வண்டியில் நான் பார்த்திருக்கிறேன். சலவை வேட்டி. முதல் தடவை காலைத் தூக்கி வைத்தார், கௌரவமாக ஏறினார். மூன்றாவது தடவை வேட்டி கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. ஐந்தாவது தடவை அவர் மேலே, வேட்டி கீழே. எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் ரொம்ப மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாய் மட்டும் வேட்டியை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டி, "இன்னும் அஞ்சு தடவைதானுங்க" என்றார். முதலாளி இரண்டு அங்குலமே போதும் என்றார். அதுவும் எப்படி? "நான் மொதல்லயே ரெண்டுன்னுதானே சொன்னேன்?" பாய் உடனே ஒப்புக்கொண்டார். "ஆமாங்க, எனக்குத்தான் காது சரியாக் கேக்கலீங்க."

டயர் ஆசைக்கும் இதே வைத்தியம்தான். தடித்தடியாகப் பல் வைத்த பெரிய டயர்கள் நாலு அவரிடம் இருந்தன. விற்பதற்கில்லை, மாட்டிக் காட்டுவதற்கு. அவற்றை மாட்டி, பட்டறைச் சந்தில் வண்டியை முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பச் சொல்வார். டயர் பெருத்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் பிடித்தால் தள்ளிப்போய் நிற்கும், மேட்டில் இழுவை குறையும். இதையெல்லாம் வாயால் சொல்லிச் சண்டை வாங்குவானேன்? சந்தில் இரண்டு திருப்புத் திருப்பினால் கைச்சதை சொல்லிவிடும். வேர்த்து விறுவிறுத்து இறங்குகிறவரிடம், "எடுப்பா இருக்குதுங்க. ஸ்டியரிங்கு புடிக்கறதுக்கு மட்டும் இன்னொருத்தரச் சேத்துக்குங்க" என்பார்.

அவர் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தியூர்ச் சந்தைக்கு வருஷா வருஷம் மாடு பிடிக்கப் போகிற பங்காளிகள் இரண்டு பேர் அவரிடம் வருவார்கள். ஒருத்தர் ஜீப்பைவிட இன்னொருத்தர் ஜீப் அரை அங்குலமாவது உயரமாக இருந்தாக வேண்டும். இவர் வந்து உயர்த்திக்கொண்டு போனால் அடுத்த வாரம் அவர் வருவார். மூன்றாவது சுற்றில் பாய் கமானில் கை வைப்பதையே விட்டுவிட்டார். வண்டியை வாங்குவார், நன்றாகக் கழுவுவார், டயரில் காற்றைக் கூட்டி அடைப்பார், தருவார். உயரம் ஒரு விரல்கடை கூடியிருக்கும். வந்தவர் மீசையை நீவிக்கொண்டு போவார். "இது ஏமாத்து இல்லீங்களா பாய்?" என்று நான் கேட்டதற்கு, "காத்து எறங்குனா கோவமும் எறங்கிருமுங்க" என்றார். எனக்கு அது முழுசாகப் பிடிக்கவில்லை. சிரித்தேன், ஆனால் என்னிடமும் இந்த ஆள் இப்படித்தான் இருப்பாரோ என்று ஒரு நெருடல் இருந்துகொண்டே இருந்தது.

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லவில்லையே. நான் பீளமேட்டுக்காரி. கல்யாணமாகி கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்கு வந்தேன். பஸ் ஏற வேண்டுமானால் இரண்டு மைல் நடக்க வேண்டும். அங்கே மாமனார், மாமியார், வீட்டுக்காரர், ஒரு பழைய ஜீப். யாரும் என்னை அதட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமனார் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "அம்மணி, சிரமமில்லீன்னா ஒரு சொம்பு தண்ணி" என்பார். இவ்வளவு மரியாதைக்கு நடுவில் எனக்கு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பது மட்டும் யாரும் சொல்லாமலேயே முடிவாகியிருந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தக் காத்துக் கருப்பு அடித்தது. தோப்புக்குப் போகிற தடத்தில் வண்டியின் அடிவயிறு தட்டுகிறது, நாலு அங்குலம் உயர்த்த வேண்டும் என்று பாயிடம் போனார். பாய் "பேஷா" சொல்லிவிட்டு, "தடத்துல இருக்கற பாறை, மேடு எல்லாத்துக்கும் சுண்ணாம்பு பூசிட்டு ஒருக்கா ஓட்டிட்டு வந்துருங்க" என்றிருக்கிறார். இவரும் ஒரு காலைப்பொழுது முழுக்க வாளியும் மட்டையுமாகத் தடத்துக்கு வெள்ளையடித்தார். ஊரில் எந்தச் சாமிக்கு நோம்பி என்று விசாரித்தார்கள். வண்டியைக் கொண்டுபோனால், அடியில் சைலன்சர் குழாயில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. தட்டுவது அங்கே மட்டும்தான், ஒண்ணரை அங்குலம் உயர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் அதற்கும் பாய் ஒரு நிபந்தனை வைத்தார். "ஊட்டுல வண்டி ஏறறவங்க அத்தன பேரையும் கூட்டியாங்க." மாமியார் பட்டுச்சேலை கட்டிக்கொண்டார். பாய் வண்டியைக் கட்டைமேல் நிறுத்தி எங்களை வரிசையாக ஏற்றி இறக்கினார். எந்த சீட்டையும் விடக்கூடாதாம். டிரைவர் சீட்டிலும் எல்லோரும் உட்கார வேண்டுமாம். மாமியார் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். அடுத்து நான்.

என் அப்பா பீளமேட்டில் ஒரு பழைய கார் வைத்திருந்தார். காலேஜ் படிக்கும்போதே அதில் ஓட்டப் பழகி, லைசென்சும் எடுத்து வைத்திருந்தேன். இதை இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீட்டில் உட்கார்ந்ததுதான் தெரியும், என் இடதுகால் தானாகப் போய்க் கிளட்சைத் தேடியது. எட்டவில்லை. காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தால் பாய் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எட்டுதுங்களா அம்மணி?"

எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "அவ எங்கீங்க பாய் ஓட்டப்போறா?"

"சும்மா கேட்டு வெச்சுக்கறதுதானுங்க" என்றார் பாய்.

வண்டி திரும்பி வந்தபோது ஒண்ணரை அங்குலம் உயர்ந்திருந்தது. டயர் ஒரு சுற்று மட்டும் பெரிது. கூடவே, டிரைவர் சீட் முன்னும் பின்னும் நகர்கிறமாதிரி ஒரு தண்டவாளம் வைத்திருந்தார். யாரும் கேட்காத வேலை. "எனக்குக் கால் நீட்டிக்கறதுக்குப் போட்டிருக்காரு" என்று இவர் பெருமையாகப் பின்னால் தள்ளிக்கொண்டார். அது முன்னால் எவ்வளவு தூரம் வரும் என்பதை யாருமில்லாத நேரத்தில் நான் தள்ளிப் பார்த்தேன். கிளட்ச் சுளுவாக எட்டியது. அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அதற்குப் பிறகு இவர் சின்னச் சின்ன வேலைக்கு உக்கடம் போகும்போதெல்லாம் நானும் கூடப் போனேன், எஸ்டேட் முதலாளியையும் பங்காளிகளையும் பார்த்தது அப்போதுதான். தோப்பை ஒட்டிப் போட்டிருந்த தக்காளியைப் பறிக்கிற நாள் ஒன்றில் எங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலில் சுருண்டுவிட்டார். மாமனார் ஒரு சாவுக்குப் போயிருந்தார். வாடகை வண்டிக்காரன் வரவில்லை. கிணத்துக்கடவு மார்க்கெட்டில் ஏலம் தொடங்கினால் நமக்காகக் காத்திருக்குமா? பழம் நாளைக்குத் தாங்காது. ஆட்களை விட்டுப் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றச் சொன்னேன். சீட்டை முன்னால் இழுத்தேன், சேலையை இடுப்பில் செருகினேன், எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பழம் நசுங்கவில்லை. மார்க்கெட்டில் தராசுக்காரர் நிறுத்த எடையை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் வீடு திரும்புவதற்குள் சேதி வந்துவிட்டது. திட்டு விழும் என்று நினைத்தேன். மாமனார், "வெயில்ல போயிட்டு வந்தீங்ளே அம்மணி, மோர் குடிங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலைந்து தடவை ஓட்டினேன். ஒரு தடவை பீளமேடு வரைக்கும் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நினைத்த நேரத்தில், யாருடைய தோதுக்கும் காத்திராமல் போய்வருவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததும் மோர் கிடைத்தது. மோரில் புளிப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது.

ஒருநாள் காலை இட்லி தின்னும்போது மாமனார் சொன்னார். "ஜீப்ப இன்னும் ஒரு நாலு அங்குலம் ஏத்திப்போடலாம்னு இருக்கறேன் அம்மணி. டயரும் பெருசாப் போட்டுக்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு விளங்கிவிட்டது. மருமகளைப் பார்த்து 'வண்டி ஓட்டாதே' என்று சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு வராது. அது மரியாதைக் குறைவு. அதற்குப் பதிலாக, அவளால் ஏற முடியாத உயரத்துக்கு வண்டியைத் தூக்கி, திருப்ப முடியாத டயரை மாட்டிவிட்டால் யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். உலகத்தில் வேறெங்காவது ஒரு மாமனார் இப்படி யோசித்திருப்பாரா? சரி, அவரைச் சொல்லி என்ன. நான் என்ன கிழித்தேன்? "உங்க இஷ்டம் போலச் செய்யுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு இட்லி வைத்தேன்.

பாயிடம் போனோம். எல்லோரையும் கூட்டிவரச் சொல்வார் என்று தெரியுமாதலால் குடும்பமாகவே போனோம். வழியெல்லாம் எனக்கு அந்தப் பங்காளிகள் ஞாபகம். இந்த ஆள் "பேஷா" சொல்லத்தான் போகிறார் என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

மாமனார் விஷயத்தைச் சொன்னார். பாய் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "எங்கீங்க தட்டுது?" என்று கேட்டார்.

"தட்டறதுன்னு இல்லீங்க. பாக்கறதுக்கு ஒரு எடுப்பா இருக்குமில்லீங்க?"

"வண்டிய இப்ப யாருங்க ஓட்டறது?"

எங்கள் வீட்டுக்காரர் தென்னை மரம் எண்ணுகிறவர்போல அண்ணாந்து பார்த்தார். உக்கடத்தில் ஏது தென்னை மரம்? மாமனார் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பாய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அதற்கு முந்தின நாள் நான்தான் ஓட்டியிருந்தேன். வரும்போது எங்கள் வீட்டுக்காரர் ஓட்டினாலும், காலைமடக்கி உட்கார்ந்தே ஓட்டினாரே தவிர, சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளக் கூச்சப்பட்டு அப்படியே விட்டிருந்தார். சீட் தண்டவாளத்தின் முன்கோடியில் இருந்தது. பாய் அதை ஒரு நிமிஷம் பார்த்தார்.

ஜாக்கி போட்டு, நாலு அங்குலக் கட்டையை வைத்து, அந்தப் பெரிய டயர்களையும் மாட்டினார். "அம்மணி, நீங்க ஏறுங்க" என்றார். மற்றவர்களைக் கூப்பிடவே இல்லை.

ஏறினேனா? எங்கே ஏறுவது! படி என் முழங்காலுக்கு மேலே நின்றது. ஒரு தடவை சேலை தடுத்தது. இரண்டாவது தடவை கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். மூன்றாவது தடவை கால் வழுக்கி முட்டி இடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முட்டி வலிக்காக இல்லை. மாமனார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு டீக்கடை போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"போதுமுங்க அம்மணி" என்றார் பாய். பிறகு மாமனாரைப் பார்த்து, "முடியாதுங்க" என்றார்.

மாமனாருக்குக் காதில் விழுந்தது புத்தியில் ஏறவில்லை. "என்னுங்க பாய்?"

"முடியாதுங்க. நீங்க வண்டிய ஏத்தறதுக்கு வரலீங்க, அம்மணிய எறக்கறதுக்கு வந்திருக்கறீங்க. ஓட்டக்கூடாதுன்னா அத நீங்களே வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க. எம்பட கமான் பட்டைய உட்டுச் சொல்லாதீங்க."

பல மாசம் கழித்து நான் தனியாக வண்டியைக் கொண்டுபோனபோது, அன்றைக்கு எப்படிங்க அந்த வார்த்தை வந்தது என்று அவரிடமே கேட்டேன். "நானுங்களா? அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேனுங்களே" என்றார், பல்லெல்லாம் தெரிய. அழுத்திக் கேட்டதும் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். சட்டையில் அன்றைக்கும் கறையில்லை.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். மாமனார் என் பக்கம் திரும்பினார். "அம்மணி..." என்றார். வாய் திறந்தபடி இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் திரும்பினார், அது முகத்திலேயே தெரிந்தது. நானும் காத்திருந்தேன். அவர் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன், அதுதான் உண்மை. அதோடு என் ஓட்டம் முடிந்திருக்கும். அவரால் சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியில் எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"மாமா, எனக்கு வண்டி ஓட்டோணுமுங்க" என்றேன்.

கல்யாணமாகி அந்த வீட்டில் எனக்கு இன்னது வேண்டும் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாய் சத்தமில்லாமல் பெரிய டயர்களைக் கழற்றி, பழையதை மாட்டி, கட்டைகளை உருவிச் சுவரோரம் அடுக்கினார். வண்டி தரைக்கு வந்தது. மாமனார் போய் முன்னால் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவர் சீட் காலியாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மாமியாரோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

ஓட்டினேன். ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம், எல்லாம் தாண்டியது. கிணத்துக்கடவைத் தாண்டி எங்கள் ஊர்த் தடம் பிரிகிற இடத்தில் எனக்கே மனசு கேட்கவில்லை. பொழுது சாயும் நேரம், ஆட்களெல்லாம் வேலை முடிந்து தடத்தில் நடந்து வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் அந்த மனுஷனைத் தலைகுனிய வைப்பானேன்? வண்டியை ஓரம் கட்டினேன்.

"எதுக்கு நிறுத்துனீங்க?" என்றார் மாமனார்.

"ஊரு வருதுங்க மாமா. இங்கிருந்து அவரு ஓட்டட்டுமுங்க."

அவர் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் நாலைந்து பேர் நடந்து வருவது தெரிந்தது. மடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்தா வருது. எடுங்க" என்றார்.